போன் நிரம்பினால் ஜப்பான் மொழியில் என்ன சொல்லும்? தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, ஜப்பானுக்குப் போக வெளிக்கிடுகிற பிள்ளைகளுக்கு எல்லாரும் வணக்கம் சொல்லப் பழக்குகிறார்கள், பேர் ஊர் சொல்லப் பழக்குகிறார்கள். போன் நிரம்பினால் அது என்ன சொல்லும் என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. போய் இறங்கிக் கொஞ்சக் காலத்தில் எல்லாருடைய போனும் நிரம்பத்தான் செய்யும். சல்லி முத்துமாரி அம்மன் கோயில் பொங்கல் வீடியோ, அம்மா விடிய விடிய அனுப்புகிற காலை வணக்கப் படங்கள், வேலையிடத்துக் குழுச் செய்திகள் எல்லாம் சேர்ந்து ஒருநாள் திரையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து விடும். அதில் இருக்கிற சொற்கள் ‘என்5’, ‘என்4’ என்கிற ஜப்பான் மொழிச் சோதனைப் புத்தகங்களில் பெரும்பாலும் வராது.

இடம் முடிவது பெரிய ஆபத்தில்லை. ஒதுக்கி வைக்கிற சொல் எது, அடியோடு அழிக்கிற சொல் எது என்று தெரியாமல் பட்டனை அமத்துவதுதான் ஆபத்து. இந்த வேறுபாடு பிடிபட்டால் மிச்சம் சுகம்.

“போன் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் சரிதானே அக்கா” என்று கேட்பாய். உன் போனுக்கு அது சரி. வேலையிடத்து டப்லெட், கடைக்காரர் கையிலுள்ள படிவம், கூட வேலை செய்கிறவர் சொல்லுகிற வசனம் எதுவும் தமிழுக்கு மாறாது. 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய ‘தொகுதே கினோ’ என்கிற குறித்த திறன் விசாவில்தான் எங்கட பக்கத்துப் பிள்ளைகள் கனபேர் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்கிறார்கள். அதன் முதல் வகையில் ஐந்து வருடம் வரை இருக்கலாம். ஐந்து வருடப் படங்களும் கடிதங்களும் கிடக்கப்போகிற போன் அது. ஆகவே வடிவாகக் கேள்.

1. முதலில் குறில் நெடிலைப் பிடி

ஜப்பான் சொற்களை ஆங்கில எழுத்தில் படித்தால் குறிலும் நெடிலும் குழம்பும். தமிழில் எழுதிப் படி. எ, ஏ, ஒ, ஓ எல்லாம் எங்களிடம் தனித்தனியே இருக்கின்றன. ‘ஒபஸன்’ என்றால் மாமி வயதுப் பெண். ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி. முதியோர் இல்லத்தில் வேலை செய்யப் போகிற உனக்கு இந்த ஒரு நெடில் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு இடறுகிற இடம் வேறு. ஒரே ‘க’ மெலிந்தும் கனத்தும் ஒலிக்கும். கீழே வருகிற கிக, கொமிபகொ, தேத, தோக, பக்குஅப்பு ஆகியவற்றின் முதல் எழுத்தைச் சங்கு, பந்து, கம்பு என்ற சொற்களின் கடைசி எழுத்தைப் போலக் கனமாகச் சொல். ஐயம் வந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் ஒலிக்கவிட்டுக் கேள்.

வசன அமைப்பைப் பற்றிப் பயப்படாதே. வினை கடைசியில்தான் வரும். ‘ஷஷின் ஒ கெஸு’ என்றால் படத்தை அழி. அந்த ‘ஒ’ எங்கட ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது. தமிழும் ஜப்பான் மொழியும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் கடைசிவரை வாதாடினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. ஆனால் சொல் வரிசை ஒத்துப்போவதால் வருகிற லாபம் உனக்குக் கையோடு கிடைக்கும்.

2. ‘நிரம்பிவிட்டது’ என்று சொல்லும் சொற்கள்

தலையான சொல் ‘யோர்யோ’. ஒன்று எவ்வளவு கொள்ளும் என்பது அதன் பொருள். சீனக்குடாவில் நிற்கிற 99 எண்ணெய்த் தாங்கிகளை நினைத்துக்கொள். ஒரு தாங்கி எவ்வளவு எண்ணெய் கொள்ளுமோ அது அதன் யோர்யோ. போன் எவ்வளவு படம் கொள்ளுமோ அது போனின் யோர்யோ. இதை வைத்து வருகிற வசனங்களைப் பார்:

- யோர்யோ க இப்பை தெஸ்: இடம் நிரம்பிவிட்டது.
- யோர்யோ க தரினை: இடம் காணாது. வாய்ப்பேச்சில் அதிகம் கேட்பது இதுதான்.
- யோர்யோ புஸொகு: இடப் பற்றாக்குறை. தலைப்பிலும் அறிவித்தலிலும் வரும்.
- அகி யோர்யோ க ஃபுஸொகு ஷிதெ இமஸ்: வெற்று இடம் போதவில்லை. அன்ட்ரொய்ட் போன்களும் கணினிகளும் இப்படி மரியாதையாகச் சொல்லும்.
- ஸுதொரேஜி க இப்பை தெஸ்: ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது. ஐபோன் சொல்வது இதைத்தான்.
- ஹொஸொன் தெகிமஸென்: சேமிக்க முடியவில்லை.

‘அகி’ என்றால் வெறுமையாக உள்ளது. அதற்கு எழுதுகிற எழுத்தும் வானம் என்பதற்கு எழுதுகிற எழுத்தும் ஒன்றுதான். வீதியில் போகும்போது டக்ஸியின் முன்கண்ணாடியில் ‘கூஷ’ என்று மின்னுமே, ஆள் இல்லாத வண்டி என்று, அதிலும் அதே எழுத்துத்தான் நிற்கும். வாகனத் தரிப்பிடம் நிரம்பினால் ‘மன்ஷ’ என்று பலகை காட்டும். வீதியில் இந்த இரண்டையும் பார்த்துப் பழகினால் போனில் ‘அகி’ தானாகக் கண்ணில் படும்.

சினேகிதிகளோடு கதைக்கும்போது ‘பன்பன்’ என்பார்கள். பொம்மென்று நிரம்பிக் கிடக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம்தான் மிச்சம், மட்டுமட்டாக இருக்கிறது என்றால் ‘கிரிகிரி’. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க ‘நொகொரி’ என்ற சொல்லைத் தேடு. போன் மெதுவானால் ‘ஒமொய்’, பாரமாக இருக்கிறது என்பார்கள். பெரிய கோப்பும் ஒமொய்தான். தங்குதடையில்லாமல் ஓடினால் ‘ஸகுஸகு’.

3. ‘கிக’ என்றால் வேறு கதை

“கிக க தரினை” என்று ஒரு பிள்ளை சொன்னால் அவளுடைய போனில் படம் வைக்க இடமில்லை என்று நினைக்காதே. அன்றாடப் பேச்சில் ‘கிக’ என்பது மாதாந்த இணைய டேட்டா. ‘கிக க ஹெரு’ என்றால் டேட்டா குறைகிறது. அது முடிந்தால் ‘ஸொகுதொ ஸேகென்’, வேகக் கட்டுப்பாடு வரும். படத்தை எத்தனை அழித்தாலும் அந்தக் கிக கூடாது.

கடையில் போன் வாங்கும்போது மட்டும் 128 கிக, 256 கிக என்று சொன்னால் அது ஸ்டோரேஜ் அளவு. சிம் வாங்கும்போது 20 கிக என்றால் டேட்டா. எந்தப் பொருளின் முன் நின்று கதைக்கிறாய் என்று பார்த்து விளங்கிக்கொள்.

4. அழிக்கிற சொற்களை ஆபத்தின் படி அடுக்கு

இதை ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டு.

பயமில்லாதவை:
- க்யஷ்ஷு: செயலி தற்காலிகமாகச் சேர்த்து வைத்த குப்பை. அழித்தாலும் தேவையானது மீண்டும் வந்து சேரும்.
- ஸேரி: ஒழுங்குபடுத்துதல்.
- இதோ, உத்ஸுஸு: வேறு இடத்துக்கு நகர்த்துதல்.
- பக்குஅப்பு: பிரதி எடுத்து வைத்தல்.

நின்று பார்த்து அமத்த வேண்டியவை:
- ஸகுஜொ: அழி. எழுத்தில் வருகிற சொல்.
- கெஸு: அழி. வாயில் வருகிற சொல்.
- ஷோக்யொ: துடைத்து அழி.
- ஸுபெதெ: எல்லாம். ஸகுஜொவுக்குப் பக்கத்தில் இது நின்றால் கையை எடு.
- இக்கத்ஸு: மொத்தமாக.

தொடவே கூடாதவை:
- கன்ஸென் நி ஸகுஜொ: திரும்பி வராதபடி அழி.
- ஃபோமத்தொ: மெமரி கார்டை முழுதாகத் துடை.
- ஷொகிக: போனை வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுபோ. ஒரு படம், ஒரு இலக்கம் மிஞ்சாது.

‘கெஸு’ பற்றி ஒரு சொல். வகுப்பில் இதை முதலில் படிப்பது லைட்டை அணை, ரீவியை நிறுத்து என்ற பொருளில்தான். “தென்கி ஒ கெஷிதெ குதஸை” என்றால் லைட்டை அணை. “ஷஷின் ஒ கெஷிதெ குதஸை” என்றால் படத்தை அழி. எதைக் ‘கெஸு’ செய்யச் சொல்கிறார்கள் என்று முன்னால் நிற்கிற சொல்லைக் கேட்ட பிறகு கையை வை.

தப்பி அமத்திவிட்டால் தேட வேண்டியவை மூன்று: ‘க்யன்ஸெரு’ வேண்டாம் என்று விலக, ‘மொதொ நி மொதொஸு’ முன்பிருந்தபடி ஆக்க, ‘ஃபுகுகென்’ அழிந்ததை மீட்க.

5. அழித்ததா, அழிந்ததா?

இது தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கை வந்த பாடம். நாங்கள் அழித்தேன், அழிந்தது என்று பிரித்துச் சொல்வோமே, அவர்களும் அப்படித்தான். ‘கெஸு’ நானாக அழிப்பது. ‘கியெரு’ தானாக அழிவது. குறைப்பது ‘ஹெரஸு’, குறைவது ‘ஹெரு’. கூட்டுவது ‘ஃபுயஸு’, கூடுவது ‘ஃபுயெரு’.

இதில் பிழைவிட்டால் பழி மாறி விழும். “தேத ஒ கெஷிமஷித” என்றால் டேட்டாவை நான் அழித்தேன் என்று ஒப்புக்கொள்கிறாய். “தேத க கியெமஷித” என்றால் அது அழிந்துபோயிருக்கிறது என்று அறிவிக்கிறாய். வேலையிடத்தில் எது நடந்ததோ அதைச் சரியான சொல்லால் சொல்.

அன்ட்ரொய்டில் ‘அகி யோர்யோ ஒ ஃபுயஸு’ என்று ஒரு பட்டன் வரும். வெற்று இடத்தைக் கூட்டு என்று பொருள். எதை அழிக்கலாம் என்று அது பட்டியல் போட்டுக் காட்டும். பட்டியலை வாசித்து, வேண்டாததை மட்டும் தெரிவுசெய். தெரிவுக்குச் சொல் ‘ஸென்தகு’.

6. ஐபோன் என்றால் இந்த வழி

‘ஸெத்தே’ என்றால் அமைப்புகள். போன் செத்தமாதிரி நின்றால் போகிற இடம் ‘ஸெத்தே’ என்று நினைவில் வை, மறக்காது. ஸெத்தே, அதற்குள் ‘இப்பன்’ என்ற பொது, அதற்குள் ஐபோன் ஸுதொரேஜி. எந்தச் செயலி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கே வரிசையாக நிற்கும்.

ஒரு செயலியைத் தொட்டால் இரண்டு தெரிவு வரும். ‘தொரிநொஸொகு’ என்றால் செயலியை மட்டும் எடுத்துவிடு, அதற்குள் இருக்கும் தகவல் போனிலேயே இருக்கட்டும் என்று பொருள். பிறகு செயலியை இறக்கினால் பழையபடி வரும். ‘ஸகுஜொ’ என்றால் செயலியும் தகவலும் சேர்ந்து போகும். இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். இடம் அவசரமாகத் தேவையென்றால் மேலே சொன்ன தொரிநொஸொகுதான்.

படங்களை அழித்தால் அவை உடனே போவதில்லை. ‘ஸைகின் ஸகுஜொ ஷித கோமொகு’, அண்மையில் அழித்தவை என்ற பெட்டியில் 30 நாள் கிடக்கும். அதனால்தான் நூறு படம் அழித்தும் இடம் வரவில்லையே என்று குழம்புவாய். அந்தப் பெட்டியையும் வெறுமையாக்கினால்தான் இடம் வரும். வெறுமையாக்கினால் திரும்பி வராது என்பதையும் மறக்காதே.

7. அன்ட்ரொய்ட் என்றால் இந்த வழி

போனைச் செய்த கம்பனிக்குக் கம்பனி பட்டியலின் வரிசை மாறும், சொற்கள் மாறா. ஸெத்தே, பிறகு ஸுதொரேஜி. செயலிக்குள் போனால் ‘ஸுதொரேஜி தொ க்யஷ்ஷு’ என்று வரும். அங்கும் இரண்டு பட்டன். க்யஷ்ஷுவை அழிக்கிற பட்டன் பயமில்லாதது. ‘ஸுதொரேஜி ஒ ஷோக்யொ’ என்றால் அந்தச் செயலிக்குள் நீ சேர்த்த அத்தனையும் போய்விடும். கணக்கிலிருந்தும் வெளியே வந்து நிற்பாய். வட்ஸ்அப்பில் இதை அமத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

குப்பைப் பெட்டிக்குச் சொல் ‘கொமிபகொ’. ‘கொமிபகொ ஒ கர நி ஸுரு’ என்றால் குப்பைப் பெட்டியை வெறுமையாக்கு. கூகுள் போட்டோஸில் பிரதி எடுக்கப்பட்ட படம் குப்பைப் பெட்டியில் 60 நாள் இருக்கும். பிரதி எடுக்காத படம் 30 நாள்தான்.

8. வட்ஸ்அப்பும் லைனும்

ஊரோடு கதைக்க வட்ஸ்அப், ஜப்பானில் உள்ளவர்களோடு கதைக்க லைன். லைன் 2011 ஜூனில் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த பெரிய நிலநடுக்கத்தில் தொலைபேசி இணைப்புகள் முறிந்த அனுபவத்துக்குப் பின்னால் பிறந்த செயலி. இப்போது அங்கே கனக்க வேலையிடங்கள் வேலை நேரத்தைக்கூட அதில்தான் அறிவிக்கின்றன.

வட்ஸ்அப்பில் ஸெத்தேக்குள் ‘ஸுதொரேஜி ஒ கன்ரி’ என்று இருக்கும், ஸ்டோரேஜை நிர்வகி என்று. 5 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்புகளையும், பலமுறை முன்னனுப்பப்பட்டவற்றையும் அது வேறாகப் பிரித்துக் காட்டும். பலமுறை முன்னனுப்பிய பெட்டியைத் திறந்தால் காலை வணக்கப் பூக்கள் எல்லாம் அங்கே இருக்கும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். அம்மா தன் கையால் எடுத்து அனுப்பிய வீடியோ அந்தப் பெட்டியில் வராது. பிறகு ‘ஜிதோ தவுன்ரோதொ’, தானாக இறக்குதல், அதை நிறுத்திவை. படங்களும் ‘தோக’வும், அதாவது வீடியோவும், நீ தொட்டால் மட்டும் இறங்கும். உன் கிகவும் மிஞ்சும்.

லைனில் வேறு கவனம் வேண்டும். குழுவில் வருகிற படம் எப்போதும் இருக்கும் என்று விட்டால், ‘ஹொஸொன் கிகன்’ என்கிற வைத்திருக்கும் காலம் முடிந்ததும் அது திறக்காது. தேவையான படத்தை வந்த அன்றே ஹொஸொன் செய். இடம் வேண்டுமென்றால் ஸெத்தே, ‘தோகு’ என்ற உரையாடல், அதற்குள் ‘தேத நொ ஸகுஜொ’. அங்கே க்யஷ்ஷு என்று உள்ளதை மட்டும் தொடு. உரையாடல்களை அழிக்கிற வரியும் பக்கத்திலேயே நிற்கும்.

9. மேலே ஏற்றிவிட்டேன் என்று சொல்லிக் கீழே அழிக்காதே

இணையத்தில் படங்களை ஏற்றி வைக்கக் கிடைக்கிற இலவச இடத்துக்கும் எல்லை உண்டு. கூகுள் கணக்கில் 15 ஜி.பி.; ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கிடுகின்றன. 2021 ஜூன் 1 இலிருந்து ஏற்றிய படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஐகிளவுடில் இலவசம் 5 ஜி.பி. மட்டும்.

‘தோகி’ என்ற சொல்லைக் கவனி. இங்கும் அங்கும் ஒன்றாக வைத்திருத்தல் என்று பொருள். தோகி ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு படத்தை அழித்தால் மேலே ஏற்றியதும் அழியும். அதே கணக்கில் வீட்டிலிருக்கிற டப்லெட்டிலும் அழியும். கூகுள் போட்டோஸில், பிரதி எடுத்து முடிந்தவற்றைப் போனிலிருந்து மட்டும் அகற்ற வேறு பட்டன் உண்டு. அதில் ‘அகி யோர்யோ ஒ ஃபுயஸு’ என்று எழுதியிருக்கும். அதைப் பாவி.

10. காசு கேட்கிற சொல்லைக் கண்டுபிடி

‘யோர்யோ’ என்றால் கொள்ளளவு. ‘யூர்யோ’ என்றால் கட்டணம் உண்டு. ‘முர்யோ’ என்றால் இலவசம். இடம் காணாது என்று வரும் பெட்டியின் அடியில் ‘கோன்யூ’ என்று கண்டால் அது வாங்குதல். ‘கெத்ஸுககு’ என்றால் மாதாமாதம் அறவிடுவார்கள். அவசரத்தில் அமத்தினால் சம்பளத்தில் ஒரு சின்னத் துண்டு ஒவ்வொரு மாதமும் போகும்.

இணையத்தில் ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது ஸுதொரேஜி நிரம்பிவிட்டது, இந்தச் செயலியை இறக்கு என்று பெட்டி குதித்தால் அது ‘கோகொகு’, விளம்பரம். இடம் முடிகிறது, கார்ட் இலக்கம் தா என்று மின்னஞ்சல் வந்தால் அது ‘ஸகி’, மோசடி என்று எடுத்துக்கொள். உண்மையான நிலையை ஸெத்தேக்குள் நீயே போய்ப் பார். வந்த இணைப்பைத் தொடாதே.

11. வேலையிடத்து டப்லெட் நிரம்பினால்

முதியோர் இல்லங்கள் பலவற்றில் சாப்பாடு, மருந்து, உடம்புச் சூடு எல்லாம் டப்லெட்டில் பதிவார்கள். அது நிரம்பினால் நீ ஒன்றையும் அழிக்காதே. ஒரு முதியவரின் காயப் படம் உனக்குக் குப்பையாகத் தெரியலாம். தாதிக்கு அது ஆவணம்.

ஜப்பான் வேலையிடங்களில் ‘ஹோரென்ஸோ’ என்று ஒரு நடைமுறை உண்டு. அறிவி, தொடர்புகொள், ஆலோசனை கேள் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. கீரை ஒன்றின் பெயரும் அதே ஓசை என்பதால் எல்லாருக்கும் மனதில் நிற்கும். அந்தப்படி பொறுப்பாளரிடம் போய்ச் சொல்:

“ஸுமிமஸென். தபுரெத்தொ நொ யோர்யோ க இப்பை தெஸ். தோ ஷிதர ஈ தெஸ் க?”

மன்னிக்கவும், டப்லெட்டில் இடம் நிரம்பிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்கிறாய். அவர் ஒன்றைக் காட்டி அழிக்கச் சொன்னால், தொட முன் விரலால் சுட்டி இன்னொருமுறை கேள்: “கொரெ, கெஷிதெ மொ ஈ தெஸ் க?” இதை அழிக்கலாமா? இரண்டாம்முறை கேட்டதற்காக அங்கே ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

12. போன் கடையில் நின்று சொல்ல

இந்த ஐந்து வசனமும் மனப்பாடமாக இருக்கட்டும்.

- ஸுமஹொ நொ யோர்யோ க இப்பை தெ, ஷஷின் க தொரெமஸென். போனில் இடம் நிரம்பி, படம் எடுக்க முடியவில்லை.
- தேத ஒ கெஸனைதெ குதஸை. டேட்டாவை அழிக்க வேண்டாம்.
- தேத வ கியெமஸ் க? டேட்டா அழியுமா?
- அதரஷீ கிஷு நி தேத ஒ உத்ஸுஷிதை தெஸ். புதுப் போனுக்கு டேட்டாவை மாற்ற விரும்புகிறேன்.
- யூர்யோ தெஸ் க? கட்டணம் உண்டா?

போன் மாற்றுவதற்குச் சொல் ‘கிஷு ஹென்கோ’. பழைய போனைக் கடையில் விட முன், டேட்டா புதியதில் வந்துவிட்டதா என்று படங்களைத் திறந்து பார். வந்த பிறகுதான் பழையதை ஷொகிக செய்ய விடலாம்.

13. எதை வைத்திருப்பது?

ஸேரி என்ற சொல்லை நீ முன்னமே கேள்விப்பட்டிருப்பாய். எங்கட ஆசுபத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ‘5எஸ்’ என்று பலகை தொங்குமே, அதன் ஐந்து எஸ்ஸும் ஜப்பான் சொற்கள்தான்: ஸேரி, ஸேதொன், ஸேஸோ, ஸேகெத்ஸு, ஷித்ஸுகெ. கொழும்பு காசல் வீதிப் பெண்கள் வைத்தியசாலை இதைச் செய்து காட்டிய விதம், பிறகு ஆபிரிக்க நாட்டு வைத்தியசாலைகளுக்கே முன்மாதிரியாகப் போனது. போனுக்கு முதல் இரண்டும் போதும். 5எஸ்ஸில் ஸேரி என்றால் தேவையில்லாததை அகற்றுவது. ஸேதொன், தேவையானதை எடுக்க வசதியாக அடுக்குவது. வரிசையைப் பார்: அகற்றின பிறகுதான் அடுக்குவது.

அகற்ற முன் கீழே உள்ளவற்றை ஒரு கோப்புறையில் போட்டு, வேறு இடத்திலும் பிரதி வை:

- ஸைர்யூ கார்ட் எனப்படும் வதிவிட அட்டையின் இரு பக்கமும், கடவுச்சீட்டும்.
- வேலை ஒப்பந்தம்.
- ‘க்யூயொ மேஸை’, மாதச் சம்பள விவரம். ஒரு மாதமும் விடாதே.
- ஓய்வூதிய இலக்கம் உள்ள கடிதம். ஆறு மாதம் அல்லது கூடுதலாக ஓய்வூதியப் பணம் கட்டியவர்கள், நாடு திரும்பியபின் ‘தத்தை இசிஜிகின்’ என்ற தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஜப்பானில் வதிவு முடிந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். இலக்கம் இல்லாமல் கேட்பது சிரமம்.
- சோதனைச் சான்றிதழ்கள்.

இவையெல்லாம் சேர்ந்தாலும் ஒரு திருவிழா வீடியோ அளவு இடம்கூடப் பிடிக்காது. இடத்தைத் தின்பது தோக. ஸேரியை எப்போதும் தோகவிலிருந்து தொடங்கு; ஐந்து நீள வீடியோ போனால் ஆயிரம் படத்துக்கு இடம் வரும்.

14. நீயே ‘இப்பை’ ஆனால்

போனுக்குச் சொல்லுகிற சொற்களையே மனிதருக்கும் சொல்லுவார்கள். வேலை தாங்க முடியாமல் போனால் ‘க்யப ஓபா’, என் கொள்ளளவைத் தாண்டிவிட்டது என்பார்கள். “மோ, இப்பை இப்பை தெஸ்” என்றால் இனித் தாங்காது, நிரம்பி வழிகிறேன். இரவு வேலை அடுக்கடுக்காக வந்து உடம்பு ஏலாமல் போனால் இந்த வசனத்தைப் பொறுப்பாளரிடம் வாய்விட்டுச் சொல். பேசாமல் அறைக்குள் போய் அழுகிறவர்களைவிட, சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் லீவு கிடைக்கும். வீட்டுக்கும் எடுத்துக் கதை. எந்த நேரமென்றாலும் நான் போனை எடுப்பேன்.

15. ஏற முன் இங்கேயே பழகு

இன்றைக்கே உன் போனை ஜப்பான் மொழிக்கு மாற்று. மாற்றுவதற்கு முன் திரும்பி வருகிற வழியைக் குறித்துக்கொள். ஐபோனில் ஸெத்தே, இப்பன், பிறகு ‘கெங்கொ தொ சீகி’, மொழியும் பிரதேசமும். அன்ட்ரொய்டில் ஸெத்தேக்குள் ‘கெங்கொ’ என்ற எழுத்தைத் தேடு. பல போன்களில் பக்கத்தில் உலக உருண்டை வரைந்திருக்கும்.

நான் இங்கே ஓசையை மட்டும்தான் எழுதித் தந்திருக்கிறேன். எழுத்தின் உருவத்தை உன் போனே காட்டும். ‘ஸுதொரேஜி’, ‘அபுரி’, ‘க்யஷ்ஷு’, ‘தேத’ எல்லாம் கதகன எழுத்தில் வரும். அதன் அடிப்படை 46 எழுத்தையும் பழகினாலே பாதி வசனம் திறக்கும். மிச்சக் கஞ்ஜி எழுத்துகளில் முதலில் மூன்றைக் கண்ணுக்குப் பழக்கு: ஸகுஜொ, ஷோக்யொ, ஷொகிக. வேறு எந்தச் சொல்லை மறந்தாலும் பரவாயில்லை, இந்த மூன்றையும் கண்டால் விரல் நிற்க வேண்டும்.

சாம்பல்தீவுப் பக்கமோ நிலாவெளிப் பக்கமோ உன்னோடு வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதை அனுப்பு. படமாக எடுத்து அனுப்பாமல் எழுத்தாக அனுப்பு, அவர்களுடைய போனிலும் இடம் மிஞ்சட்டும்.